மூன்று கிளப், மூன்றும் காணோம்

நெஸ்டர் கோர்டில்லோ. இந்தப் பெயரை எங்கேயாவது கேட்ட ஞாபகம் இருக்கிறதா மக்களே?

இருக்காது. போன மாதம் இங்கே டல்லாஸில் ஒரு பாட்லக்கில் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் வார இறுதியில் பிள்ளைகளை சாக்கர் பயிற்சிக்கு வேனில் அள்ளிக்கொண்டு போகிற அப்பா அம்மாக்கள். இனியெஸ்டா தெரியும், ஷாவி தெரியும். பெட்ரி நேற்றைக்கு யாருக்கு எப்படிப் பந்தைப் போட்டான் என்பதுகூடத் தெரியும். ஒரு அண்ணன் தன் வீட்டு கராஜுக்கே பார்சிலோனா கலர் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். "யாருங்க அது, ரியல் மாட்ரிட்டா?"

இல்லைங்கண்ணா. கோயம்புத்தூர்.

கோர்டில்லோ 1989-ல் பிறந்த ஸ்பானியர். கேனரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் அவருக்கு ஊர். நடுக்களத்தில், கொஞ்சம் முன்னால் தள்ளி ஆடுகிறவர். அந்தத் தீவுக் கூட்டத்திலிருந்து வந்த நடுக்கள ஆட்டக்காரர்களை எண்ணினால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். வலேரோனும் டேவிட் சில்வாவும் ஆர்கினெகின் என்கிற ஒரே மீன்பிடி ஊர்க்காரர்கள். பெட்ரி பக்கத்துத் தீவான டெனெரிஃபேக்காரர். பார்சிலோனாவுக்குப் போவதற்கு முன்னால் அவர் ஆடியது லாஸ் பால்மாஸ் கிளப்பில். கோர்டில்லோ அந்த அளவுக்கு வரவில்லை. ஸ்பெயினில் கீழ்நிலை லீகுகளில் ஆடிவிட்டு, பிழைப்பு தேடி 2018-ல் விமானம் ஏறி நம்ம பக்கம் வந்தார். நாம் எல்லாம் பொட்டி தட்ட வேறு தேசத்துக்குக் கிளம்பி வந்த மாதிரிதான். அவருக்குப் பொட்டிக்குப் பதில் பந்து.

வந்து சேர்ந்த இடம் சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, ஆடிய மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். கோர்டில்லோவோடு பெட்ரோ மான்ஸி, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா என்று அதே ஸ்பெயின் கீழ்நிலை லீகுகளில் ஆடிய இன்னும் மூன்று பேர். கூட நம்ம பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், சீனிவாசன் பாண்டியன். இவர்களைச் சேர்த்துக்கொண்டு, கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளின் பணத்துக்கும் கூட்டத்துக்கும் பக்கத்தில்கூட நிற்க முடியாத ஒரு அணி, 2018-19 ஐ-லீகை ஜெயித்தது. மான்ஸி மட்டும் 21 கோல். அவற்றில் எத்தனையோ பந்துகள் கோர்டில்லோவின் காலிலிருந்து கிளம்பியவை.

2019 மார்ச் 9 கடைசி நாள். மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. இங்கே நாம் சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நம்மாட்கள் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். எனக்கு இங்கே விடிகாலை. பொண்டாட்டி பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, விட்டு விட்டு வருகிற படத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். பிற்பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது, பிரயோஜனம் இல்லை. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தேசிய லீகை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு கிளப்.

அன்றைக்கு நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? பழைய செய்திகளைத் தோண்டிப் பார்த்தேன். குட் மார்னிங் ரோஜாப்பூ, ஒரு மூட்டுவலிக் கஷாயம், இந்தியா-ஆஸ்திரேலியா கிரிக்கெட் தொடர் பற்றிய வாய்ச்சண்டை. நான் போட்ட கோப்பைப் படத்துக்கு ஒருத்தர் கட்டைவிரல் காட்டியிருந்தார். அவ்வளவுதான் மரியாதை.

சரி, அதற்கப்புறம் கோர்டில்லோ கதை என்ன ஆனது என்று பார்ப்போம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

சென்னை சிட்டியோடு ஒப்பந்தம் இருக்கும்போதே ஐ.எஸ்.எல். அணியான புனே சிட்டியோடும் ஒப்பந்தம் போட்டுவிட்டார் என்று புகார் கிளம்பியது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விசாரித்து, 2019-ல் அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. (நோட்டீஸ் பீரியட் முடியும் முன்னாடியே அடுத்த கம்பெனியின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடாத உத்தமர்கள் யாராவது நம்மில் இருந்தால் முதல் கல்லை அவர்களே எறியலாம்.) அதற்குள் புனே சிட்டியே கடையைக் கட்டிவிட்டது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டு ஹைதராபாத் எஃப்.சி. பிறந்தது. தடை முடிந்து கோர்டில்லோ அங்கே ஆடினார். 2019-20 சீசனில் அந்த அணி கடைசி இடம், மொத்தம் 10 புள்ளி. 2020-ல் ஆளும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது அந்த மூன்று கிளப்புகளையும் தேடுங்கள். புனே சிட்டி 2019-லேயே முடிந்தது. சென்னை சிட்டியில் அதே 2019-ல் ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது, பெரிய பேச்சாக இருந்தது. 2020 தொடக்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆட வேண்டிய கௌரவமும் வந்தது. அந்த ஆட்டம் நடந்தது கோவையில் அல்ல, சென்னையிலும் அல்ல. அகமதாபாத்தில்! தமிழ்நாட்டின் சாம்பியன் அணி, பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு, குஜராத்தில் ஆடி 0-1 என்று தோற்றது. 2020-21 சீசன் கொரோனாவால் முழுக்க வங்காளத்திலேயே நடந்தது. அதற்கடுத்த சீசன் பட்டியலில் சென்னை சிட்டி என்கிற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷம்கூட முடியவில்லை.

ஹைதராபாத் எஃப்.சி. இன்னும் பரிதாபம். மனோலோ மார்க்கெஸ் என்ற ஸ்பானியப் பயிற்சியாளர் கையில் அது 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையையே வென்றது, கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வீழ்த்தி. இரண்டே வருஷத்தில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள், அணி மறுபடி கடைசி இடத்துக்குப் போனது. 2025-ல் அப்படியே மூட்டை கட்டி டெல்லிக்குக் கொண்டுபோய் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஹைதராபாத் ரஹீம் சாகிப் பயிற்சி கொடுத்த ஊர் ஐயா! 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஜகார்த்தாவில் தங்கத்துக்கும் கொண்டுபோனவரின் ஊர். அந்த ஊர் கிளப்பை யாரோ பெட்டியில் வைத்து ரயிலேற்றிவிட்டுப் போகிறார்கள், ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஒரே ஸ்பானியர். இந்தியாவில் கையெழுத்துப் போட்டது மூன்று கிளப். மூன்றும் காணோம். இது அவர் ராசி என்று நம்ம ஊர் ஜோசியர் வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அதைச் சொல்ல இன்னொரு ஸ்பானிய நடுக்கள ஆட்டக்காரரைக் கூப்பிட வேண்டும். இவரை எல்லாருக்கும் தெரியும்.

சாண்டி கசோர்லா. ஆர்சனல் ரசிகர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வீர்கள். உயரம் 168 செ.மீ. "நம்ம பசங்களுக்கு ஹைட் பத்தாது" என்று ஒரு கோஷ்டி எப்போதும் சொல்லிக்கொண்டே திரியுமே, அவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படித்துவிட்டு மேலே வரவும். 1984-ல் வடக்கு ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் பகுதியின் யானேராவில் பிறந்தவர். பக்கத்து நகரமான ஒவியெடோவின் கிளப்பில்தான் சின்ன வயதில் பந்து கற்றுக்கொண்டார். 2003-ல் அந்த கிளப் திவாலாகிற நிலைக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி. அதற்குத் தண்டனையாக இன்னும் ஒரு படி கீழே தள்ளி நான்காம் நிலைக்கு அனுப்பினார்கள். 18 வயது கசோர்லா வேறு வழியில்லாமல் வியாரியாலுக்குப் போனார். ஊரில் வேலையில்லை, வெளியூர் போனார். நமக்கு விளக்கவா வேண்டும்?

பிறகு ஏறுமுகம்தான். 2008, 2012 என்று இரண்டு யூரோ கோப்பை. மலாகா, அங்கிருந்து ஆர்சனல். 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹல் சிட்டி 2-0 என்று முன்னால் நிற்கும்போது அவர் அடித்த ஃப்ரீ கிக்கிலிருந்துதான் ஆட்டமே திரும்பியது. 2016 அக்டோபரில் கணுக்கால் காயம். அறுவைச் சிகிச்சையில் தொற்று ஏறி, குதிகால் நரம்பில் பல சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே அதிர்ஷ்டம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். முன்கையிலிருந்து தோலை வெட்டி எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். அந்தக் கையில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பாதி எழுத்து கையில், பாதி எழுத்து காலில் என்று ஆகிவிட்டது. மகளின் பெயர் என்ன தெரியுமா? இந்தியா. சத்தியமாக நான் இட்டுக்கட்டவில்லை.

சரி, கசோர்லா ஊரைவிட்டுப் போன பிறகு ஒவியெடோ கிளப் என்ன ஆனது? நான் சொல்ல வந்தது அதைத்தான். 2003-ல் அந்த கிளப் நான்காம் நிலைக்கு விழுந்தபோது நகர நிர்வாகமே கை கழுவிவிட்டு, ஊரில் இருந்த இன்னொரு சின்ன அணிக்கு ஒவியெடோ பெயரை ஒட்டி அதை ஆதரித்தது. ஊர் ஜனம் என்ன செய்தது? "எங்க கிளப் இதுதான்" என்று ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நான்காம் நிலை ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது. 2012 நவம்பரில் மறுபடி கழுத்தில் கயிறு. சில நாட்களுக்குள் சுமார் 19 லட்சம் யூரோ திரட்டாவிட்டால் கடை மூடல். ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்பனைக்கு விட்டார்கள். அங்கே வளர்ந்து வெளியூர் போன பையன்கள், ஆர்சனலில் இருந்த கசோர்லா, செல்சியில் இருந்த மாட்டா, ஸ்வான்சியில் இருந்த மிச்சு, எல்லாரும் தங்கள் காசைப் போட்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து முன்னே பின்னே தெரியாத ஜனங்கள் ஆளுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு வாங்கினார்கள். கெடுவுக்குள் பணம் சேர்ந்தது. மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம்மும் வந்து பெரிய தொகை போட்டார், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஜனம் முதலில் எழுந்து நிற்காவிட்டால் ஸ்லிம் எதைப் பார்த்து வந்திருப்பார்?

2023-ல் கசோர்லா திரும்பி வந்தார். கத்தாரில் ஆடி முடித்து, 38 வயதில், இரண்டாம் நிலை லீகில் இருந்த ஒவியெடோவுக்கு. சம்பளமே வேண்டாம் என்றாராம். லீக் விதி ஒத்துக்கொள்ளாது என்பதால் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் போட்ட ஜெர்சி விற்பனையில் 10 சதவீதம் சின்னப் பிள்ளைகள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. 2025 ஜூன் 21-ஆம் தேதி பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில், 40 வயதில், பெனால்டியில் ஒரு கோல் போட்டார். ஒவியெடோ 3-1 என்று மிராண்டேஸை ஜெயித்து 24 வருஷம் கழித்து லா லீகாவுக்குத் திரும்பியது.

கசோர்லா பெரிய மனுஷர், நல்லவர். கோர்டில்லோவுக்கு அந்தப் பேறு இல்லை. ஆனால் இரண்டு பேர் கதையிலும் உள்ள வித்தியாசம் அவர்கள் காலில் இல்லை. ஒவியெடோ கிளப்புக்கு ஆள் இருந்தது. சென்னை சிட்டிக்கு ஒரு முதலாளிதான் இருந்தார். முதலாளிக்கு அலுத்துப் போனாலோ, கையைக் கடித்தாலோ கதை முடிந்தது. இதில் முதலாளியைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவர் போட்ட காசு, அவர் நிறுத்தினார். தட்டிக் கேட்க நமக்கு அங்கே என்ன பாத்தியதை இருந்தது? நாம் பங்கு வாங்கினோமா, டிக்கெட் வாங்கினோமா, ஒரு ஜெர்சியாவது வாங்கினோமா?

"எங்கே விற்றார்கள், வாங்குவதற்கு?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருவார். நியாயமான கேள்வி. விற்கவில்லைதான். அது தனியார் கம்பெனி. ஆனால் கேட்டோமா? அமெரிக்காவில், வளைகுடாவில், சிங்கப்பூரில், லண்டனில் இத்தனை தமிழ்ச் சங்கம் இருக்கிறதே. ஒரு சங்கமாவது கோவைக்கு ஒரு கடிதம் போட்டு, "ஐயா, எங்கள் ஆட்கள் ஆயிரம் பேர் உறுப்பினராகச் சேரத் தயார், வழி உண்டா?" என்று கேட்டதாக யாராவது காட்டுங்கள். இங்கே எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் சினிமாக்காரரை வரவழைக்க ஆன செலவை என் வாயால் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த பொங்கலுக்கு எனக்கு சாப்பாடு கிடைக்காது :-)

நம்மிடம் காசில்லை என்பதும் பொய். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். 2018-ல் சேர்த்து முடித்தாயிற்று. தமிழ்நாடு அரசின் 10 கோடி ரூபாயும் அதில் உண்டு, ஆனாலும் உலகம் முழுக்க சாதாரண ஜனங்கள் ஐம்பது, நூறு என்று போட்டார்கள். அதாவது இந்த வேலை நமக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அறிவுக்கென்றால் போடுவோம், கோயிலுக்கென்றால் போடுவோம், பந்துக்கென்றால் மட்டும் "அதெல்லாம் டைம் வேஸ்ட்". இதே ஆட்கள்தான் இங்கே பிள்ளையின் கிளப் சாக்கருக்கு வருஷம் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறார்கள். கேட்டால், "காலேஜ் அட்மிஷனுக்கு உதவும்."

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் சித்தூர். மேல்நிலைப் படிப்பு திருப்பதியில். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற ஜாதகம். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணியை இந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார்கள், நாங்கள் அங்கேயே நின்றோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, தெலுங்கும் என் பாஷைதான். ஆனால் விளையாட்டுக்காரனுக்கு எல்லைக்கோடு என்றால் என்ன என்று எல்லையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

திருப்பதியில் என்னோடு ஒருவன் படித்தான். அவன் பெயர் வேண்டாம். நடுக்களம். இப்போது யோசித்தால் அவன் ஓடியதாகவே ஞாபகம் இல்லை. பந்துதான் அவனைத் தேடி வரும். தலையை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பான், அடுத்த வினாடி பந்து நாங்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் இருக்கும். மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். மாநிலத் தேர்வு ஹைதராபாத்தில். சித்தூரிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர் சொச்சம், சப்தகிரி ஏறினால் திருப்பதியிலிருந்து நேரே சென்னை. ஹைதராபாத்துக்கோ ராத்திரி முழுக்க வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ். போனான். மூன்று நாள் இருந்தான். ஒரே ஒரு அரை மணி நேரம் ஆட விட்டார்களாம், அதுவும் பேக்காக. பேச்சில் தமிழ் வாடை அடிக்கும், அதற்கு ஒரு கிண்டல் வேறு. திரும்பி வந்தான். சென்னையில் தெரிந்த ஒரு பெரியவர் மூலம் விசாரித்தோம். "நீ ஆந்திரா பையன், எங்க அசோசியேஷன்ல எப்படிப்பா?" அத்தோடு முடிந்தது. அவனுடைய நைனா பூட்ஸை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்த ஆட்டம் ரொம்ப காலமாக மாநில சங்கங்களின் பிடியில்தான் இருந்தது. 1941-ல் ஆரம்பித்த சந்தோஷ் டிராஃபி பெரும்பாலும் மாநிலங்களுக்குள் நடக்கிற போட்டி. நீ எந்த மாநிலம் என்று கேட்டுத்தான் உன்னை உள்ளே விடுவார்கள். அதைத் தாண்டி வர இருக்கிற ஒரே வாசல் கிளப். கிளப் உன்னிடம் ரேஷன் கார்டு கேட்காது. ஸ்பெயின்காரன், அஸ்ஸாம்காரன், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், எல்லாரும் ஒரே ஜெர்சி போடலாம். இரவிபுத்தன்துறை மீனவ ஊரிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இப்படித்தான் சென்னை சிட்டி வழியாக வந்து, 2019-ல் இந்திய ஜெர்சி போட்டார். ஆர்கினெகின் மீன்பிடி ஊருக்கு லாஸ் பால்மாஸ் கிளப் எப்படியோ, அப்படி இரவிபுத்தன்துறைக்கு சென்னை சிட்டி. அந்தக் கதவைத்தான் இழுத்து மூடிவிட்டார்கள். பெரிய ஊர்ப் பையனுக்கு வேறு கதவு இருக்கும். சித்தூர்ப் பையனுக்கு, கூடூர்ப் பையனுக்கு, புத்தூர்ப் பையனுக்கு? 2014-ல் தெலங்கானா பிரிந்து ஹைதராபாத்தும் கையைவிட்டுப் போன பிறகு ஆந்திராவுக்கு என்று ஒரு ஐ.எஸ்.எல். அணிகூடக் கிடையாது.

வெட்கப்பட இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய சித்தூர் ஜில்லாவை ஒட்டியே இருக்கிறது அனந்தபூர். அங்கே விசென்ட் ஃபெர்ரர் என்ற பார்சிலோனாக்காரர் 1969-ல் வந்து இறங்கினார். முதலில் பாதிரியாராக பம்பாய்ப் பக்கம் வந்து, பிறகு அதை விட்டவர். பஞ்சத்துக்குப் பேர்போன அந்த மண்ணில் கிணறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கட்டினார். 2009-ல் அங்கேயே இறந்தார். அவர் உண்டாக்கிய அமைப்பு அனந்தபூரில் விளையாட்டு அகாடமியும் நடத்தியது, கால்பந்தும் அதில் உண்டு. ரஃபேல் நடால் 2010-ல் டென்னிஸ் பள்ளி திறந்ததும் அந்த வளாகத்தில்தான். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஸ்பெயினில் இருக்கிற சாதாரணக் குடும்பங்கள் மாதாமாதம் அனுப்பியது. நர்ஸ், பள்ளி வாத்தியார், கடைக்காரர். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ராயலசீமா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. பத்து இருபது யூரோவை எடுத்து வைத்து, முகம் தெரியாத ஒரு அனந்தபூர்ப் பிள்ளை பந்து உதைக்க அனுப்பினார்கள். பக்கத்து ஜில்லாவில் பிறந்து, எச்1பி வாங்கி, கிரீன் கார்டு வாங்கி, நாலு பெட்ரூம் வீடு வாங்கிய நாம், வருஷம் தவறாமல் ஊருக்குப் போய், 300 ரூபாய் டிக்கெட்டில் பெருமாளை சேவித்து, உண்டியலில் டாலரைப் போட்டுவிட்டு லட்டோடு இறங்கி வருகிறோம். உண்டியலைக் குறை சொல்லவில்லை, நான் திருப்பதிக்காரன், என் வாயில் அது வராது. மலையிலிருந்து இறங்குகிற வழியில் கார் கண்ணாடியை இறக்கி, பல்கலைக்கழகத்துப் பக்கம் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருக்கிற பையன்களை ஒரு தடவை பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"முதலாளி ஏமாற்றினால்?" ஏமாற்றுவான். அதற்குத்தான் நன்கொடை கொடுக்காதீர்கள் என்கிறேன். நன்கொடை கொடுத்தால் வாசலில் பளிங்குக் கல்லில் பெயர் போடுவான், கணக்குக் காட்ட மாட்டான். உறுப்பினர் ஆகுங்கள். பார்சிலோனா இன்றைக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். தலைவரை அவர்கள்தான் ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள், பிடிக்காவிட்டால் துரத்துகிறார்கள். நம்மூரில் அப்படி எழுதிக்கொடுக்க ஒருத்தரும் தயாராக இல்லை என்பது உண்மைதான். கேட்காமல் எவன் கொடுப்பான்? பத்தாயிரம் பேர் ஆளுக்கு நூறு டாலர் என்று கூட்டாக வந்து வாசலில் நின்றால், கையில் காசில்லாமல் தவிக்கிற கிளப் எழுதிக்கொடுக்கும். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள். சென்னையின் எஃப்.சி.கூட அந்த ஆகஸ்டில் நடவடிக்கைகளை நிறுத்துவதாக அறிவித்தது. இதைவிடக் கேட்பதற்கு நல்ல சமயம் எப்போது வரப்போகிறது?

"இந்தியாவுக்கு ஃபுட்பால் ஒத்து வராதுங்க." கராஜ் அண்ணன் கடைசியாக எடுத்துவிட்ட அஸ்திரம் இது. அண்ணா, கோவையில் ஒத்து வந்தது. ஒரே ஒரு வருஷம், கண்ணெதிரே. லாஸ் பால்மாஸ்காரன் பந்தைத் தள்ள, அஸ்ஸாம்காரன் கோல் போட, தமிழ்ப் பையன்கள் கோப்பையைத் தூக்கினார்கள். அன்றைக்கு நீங்கள் பார்சிலோனா ஆட்டத்துக்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

என் திருப்பதி சிநேகிதன் இப்போது சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் லாரி லோடு கணக்குப் பார்க்கிறான். ஜூன், ஜூலையில் பேசவே முடியாது, தோத்தாபுரி வரிசை கட்டி நிற்கும். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது பிள்ளைகளை வைத்து ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறான். போன தடவை பேசியபோது அதில் ஒரு பெண் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது, தலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பந்தை வாங்குகிறாளாம். "மாநில செலக்‌ஷனுக்கு இப்ப எந்த ஊருக்குடா அனுப்பணும்?" என்று கேட்டான். பந்து நாலு வேண்டும், கோல் போஸ்டுக்கு வலை வேண்டும் என்றும் சொன்னான். வலையும் பந்தும் போன வாரம் அனுப்பியாகிவிட்டது. அவன் கேட்ட அந்த முதல் கேள்வியை அடுத்த மாதம் நம்ம சங்கப் பொதுக்குழுவில், பட்ஜெட்டில் சினிமாக்காரர் பெயர் வருகிற வரிக்கு வந்ததும், எழுந்து நின்று கேட்கப் போகிறேன். கூட எழுந்து நிற்க நாலு பேர் வேண்டும்.